பிரஷ் நிற்கும் வரை

"கடைசிப் பாட்டு முடிஞ்சதும் அண்ணன்கிட்ட சொல்லிடறேன். அதுவரைக்கும் வண்டியைக் கீழயே நிறுத்துங்க."

மாடிப்படி வளைவில் நின்று கைபேசியில் கிசுகிசுத்தாள் தங்கச்சி. டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஏறிவந்த அண்ணன், பாதிப் படியில் அப்படியே நின்றான். பெரிய இசைக்குழு ஒன்று அவளை வலைவீசித் தேடுவது தெரிந்த சங்கதிதான். மீன் விழுந்துவிட்டது என்பதுதான் புதிது.

அவள் இல்லாவிட்டால் குழுவே இல்லை. பாட அவள், கித்தாருக்கு நெட்டை என்று கூப்பிடும் நண்பன், டிரம்முக்கு இவன். மேடையும் மைக்கும் கிடையாது. நாலு பேர் நெருக்கியடித்து உட்கார ஓர் அறை போதும். அன்று கிடைத்தது சோபா தைக்கும் பட்டறை. பாட்டுக் கேட்க வந்தவர்கள் பஞ்சுமூட்டைகளில் சாய்ந்து கிடந்தார்கள். ஜன்னல் வழியே சரிந்த மாலை வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்தது.

கடைசிப் பாட்டு தொடங்கியது.

"ஆத்து நடுவுல தோணி நிக்குது, யாரு வந்து தள்ளுறது..."

அந்தப் பாட்டுக்கு மட்டும் முடிவு கிடையாது. டிரம்மை வருடும் கம்பி பிரஷ்ஷை அண்ணன் எப்போது தூக்குகிறானோ, அதுதான் முடிவு. அதுவரை சுற்றிச் சுற்றி வரும்.

அன்று அவன் தூக்கவில்லை.

நிறுத்தினால்தானே முடியும்? முடிந்தால்தானே சொல்வாள்?

பாட்டு சுற்றியது. வெயில் தேன் நிறமாகி, நீலமாகிக் கரைந்தது. பட்டறைக்காரர் வாய் திறந்தபடி தூங்கிப்போனார். யாரோ யார் தோளிலோ சாய்ந்தார்கள். அறையே மெல்லத் தண்ணீரில் ஆடுவது போலிருந்தது.

நெட்டை அவன் பக்கம் சாய்ந்தான். "டேய், விரல் தேயுது. முடிச்சுத் தொலைடா."

"வாசி."

"பேய் கீய் பிடிச்சிருக்கா?"

"வாசிடா."

தங்கச்சி திரும்பிப் பார்த்தாள். ஒரே பார்வை. அண்ணனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அதே மெட்டில் பாடினாள்:

"நாளைக்கு விடிஞ்சா நான் இங்க இல்லண்ணா, மூஞ்சப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் இல்லண்ணா..."

புது வரி என்று நினைத்துக் கூட்டம் கூடவே முனகியது. கீழே வண்டி நிற்பதும் பாட்டிலேயே வந்தது.

"அடிப்பாவி, பாட்டுலயே டிக்கெட் எடுத்துட்டாளே," என்றான் நெட்டை.

அண்ணனின் நெஞ்சு தடுமாறியது, கை தடுமாறவில்லை. அவள் இவ்வளவு நன்றாக ஒருபோதும் பாடியதில்லை. இந்தக் குரலுக்குத் தாளம் தவறவிட அவனுக்கு மனசு வரவில்லை.

பாடிக்கொண்டே மூட்டைகளுக்கு நடுவில் நடந்து, கதவைத் தாண்டி, படியிறங்கினாள். குரல் ஒவ்வொரு படியாகத் தேய்ந்தது. அவனும் பிரஷ்ஷை லேசாக, இன்னும் லேசாக ஓட்டினான்.

குரல் ஓரிடத்தில் நின்றது. தேயவுமில்லை, வளரவுமில்லை. படியடியிலேயே நின்று பாடிக்கொண்டிருந்தாள். வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

"ஏறாம நிக்கிறாடா," என்றான் நெட்டை. "நீ விட்டாத்தான் போவா."

"தெரியுது."

"என்ன பண்ணப்போற?"

"இந்த வரி முடியட்டும்."

வரி முடிந்தது. அண்ணன் பிரஷ்ஷைத் தூக்கினான்.