ஐப்பசி மழையில் அப்பளம்

ஐப்பசி மழை வந்தால் ஸ்ரீரங்கத்தில் யார் மகிழ்ந்தாலும், அப்பளம் இடுகிற நாங்கள் மகிழ்வதில்லை. மொட்டைமாடியில் வெயில் இல்லையென்றால் வீராயிக்கும் மற்ற பெண்களுக்கும் கூலி இல்லை. அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் எனக்கு அவர்களைப் பார்க்க முகம் இல்லை. விறகு மூட்டி உலர்த்திப் பார்த்தோம், புகை நாற்றம் அடித்தது. ஹீட்டர் வைத்தோம், மீட்டர் பேய் பிடித்ததுபோல் ஓடியது.

அதனால்தான் அப்பளம் உலர்த்த, பீரோ மாதிரி நிற்கும் இந்த ஹீட் பம்ப் பெட்டியை வாங்கினேன். "உள்ள இருக்குற சூட்டையே திரும்பத் திரும்பச் சுத்த விடும் யமுனாக்கா. ஈரத்தை மட்டும் தண்ணியாக்கி வெளியே தள்ளிடும். ஹீட்டருக்கு ஆகுற கரண்டுல பாதிகூட ஆகாது, விறகும் வேணாம்" என்று சொல்லிப் பொருத்திவிட்டுப் போனான் மெக்கானிக் இம்தியாஸ்.

மறுநாளே கல்யாண ஆர்டர். சாயங்காலத்துக்குள் தராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சமையல் கான்ட்ராக்டர் ராஜகோபாலன் சொல்லிவிட்டார். காலையில் தட்டுகளை உள்ளே அடுக்கினோம். மதியமாகியும் அப்பளம் வதங்கிய வெற்றிலைபோல் துவண்டு கிடந்தது.

"நான் அப்பவே சொன்னேன். பேசாம விறகை மூட்டுங்க" என்றாள் வீராயி.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. திட்ட வாயெடுத்தபோதே அவள் பெட்டியின் கதவைத் திறந்து ஓர் அப்பளத்தைத் தொட்டுப் பார்த்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. மாடியில் காயும்போது போகிறவள் வருகிறவள் எல்லாம் தொட்டுப் புரட்டுவதுதானே எங்கள் வழக்கம்! காலையிலிருந்து நானே எத்தனை முறை திறந்தேனோ. ஒவ்வொரு தடவையும் சூடு வெளியே, மழை ஈரம் உள்ளே.

"இனிமே யாராவது கதவுல கை வச்சீங்க, பாத்துக்குங்க!" என்றேன்.

"தொடாம எப்படிங்க தெரியும், காஞ்சிருச்சான்னு?"

நியாயமான கேள்விதான். பெட்டியின் அடிக்குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு வாளியை வைத்தேன். "அப்பளத்து ஈரம்தான் இது. சொட்டுறது நிக்கட்டும், திறக்கலாம்."

வீராயி முக்காலியை இழுத்துப்போட்டு வாளி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சொட்டு ஒழுக்காக மாறியது, பிறகு மெல்லக் குறைந்தது. "நின்னுருச்சு!" என்று வீடே அதிரக் கத்தினாள்.

ஓர் அப்பளத்தை எண்ணெயில் போட்டேன். பொரிந்து எழும்பியது. புகை வாசமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ராஜகோபாலன் வந்து ஒன்றை நொறுக்கித் தின்றார். "பேஷ்! அடுத்த முகூர்த்தத்துக்கும் நீங்களே கொடுத்துடுங்கோ" என்றபடி கட்டுகளை ஆட்டோவில் ஏற்றினார்.

கிளம்பும்போது வீராயி வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். மழைக்காலம் முழுக்கக் கேட்கிற கேள்வியை அதே தயக்கத்தோடு கேட்டாள்.

"நாளைக்கும் மழையாம். நாங்க வரட்டுங்களா?"

"கொட்டுனாலும் வாங்க, எல்லாரும்" என்றேன்.