குலசிங்கத்தின் சத்தம்

2006ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருகோணமலை ஐஸ் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் குலசிங்கத்தின் பாட்டுக் குரல் அற்றுப்போனது. பேச்சுக்குக் குறைவில்லை. தும்மலும் கொட்டாவியும் வழக்கம்போல வந்தன. பாடினால் மட்டும் வாய் அசைந்தது, ஒன்றும் வெளியே வரவில்லை. அயலவர்கள் இதை நோய் என்று எடுக்கவில்லை. இரண்டு வீடுகளில் அன்று பாயாசம் காய்ச்சியதாகக் கதை.

சண்டை மூண்டு, கடலுக்குப் போக ஏலாத காலம் அது. மீன் இல்லாததால் ஐஸுக்கும் வேலையில்லை, ஐஸுக்கு வேலையில்லாததால் குலசிங்கம் சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கியிருந்தார். கிண்ணியாவில் கொமினிகேஷன் என்கிற தொலைபேசிக் கடை வைத்திருந்த சிநேகிதன் முனாப், வீட்டுக் கணினியிலேயே ஒலிப்பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றைக் கொடுத்தான். அதை யாரும் சும்மா எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்தப் பெருந்தன்மையில் குலசிங்கம் உருகிப்போனார். தன் பாட்டு சீடிகளின் மேலும் அதையே எழுதி ஊரெல்லாம் நீட்டினார். யாரும் எடுக்கலாம் என்றிருந்ததை யாரும் எடுக்கவில்லை. குறிஞ்சாக்கேணியில் ஒருவர் மட்டும் வாங்கி, வயலில் கிளி விரட்டக் கட்டித் தொங்கவிட்டார். நன்றாக வேலை செய்கிறது என்று அவரே வந்து சொல்லிவிட்டும் போனார்.

குற்றம் பாட்டில் இல்லை, பின்னால் கேட்கும் வீட்டுச் சத்தங்களில்தான் என்று குலசிங்கம் முடிவுகட்டினார். அவர் ஹோலில் மைக்கைப் பிடிக்கும் நேரம் பார்த்துத்தான் மனைவி ராசமலர் குசினியில் தேங்காய் துருவுவாள். வழி கேட்டு முனாபுக்குப் போன் எடுத்தார்.

“சத்தத்த மவுசால இழுத்துக் காட்டுங்க. இதுதான் சத்தமெண்டு அதுக்கு விளங்கினா, முழுசையும் அதுவே எடுத்துப் போடும்” என்றான் முனாப்.

அந்த வீட்டில் சத்தம் என்றால் ஒன்றுதான். கலியாணம் முடித்த நாள்முதல், குலசிங்கம் பாட வாய் திறந்தால் குசினியிலிருந்து வருவது ஒரே பேச்சு: “இஞ்சருங்கோ, உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோவன்!” பழக்கதோஷத்தில் அவர் தான் பாடிய பகுதியையே இழுத்துக் காட்டினார். மென்பொருளுக்கு விளங்கிவிட்டது. பதிவிலிருந்தும் தொண்டையிலிருந்தும், ஊரில் கொடுத்திருந்த அத்தனை சீடிகளிலிருந்தும் அவர் குரல் ஒரே நேரத்தில் போய்விட்டது.

பதறிப்போய் மறுபடி போன் எடுத்தபோது முனாப் ரகசியம்போலக் கதைத்தான். தோப்பூரில் ஷெல் விழுந்து ஓடிவந்த சனம் கிண்ணியாப் பள்ளிக்கூடத்தில் கிடந்தது. வந்த நாளிலிருந்து ஒருவருக்கும் நித்திரை இல்லை. தூரத்து வெடிச்சத்தத்தை அமர்த்த, கடையில் இருந்தவற்றில் ஆக உரத்ததான குலசிங்கத்தின் சீடியை அவன் அங்கேயே நின்று ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறான். பாட்டு இல்லை. தேங்காய் துருவும் ஓசையும் சட்டி வைக்கும் ஓசையும்தான் வந்தன. கூடவே வகுப்பறை எல்லாம் தாளிதம் மணந்தது. சனம் இருந்த இருப்பிலேயே நித்திரையாகிவிட்டது.

“என்ர குரலுக்கு வழி சொல்லு” என்றார் குலசிங்கம்.

“மென்பொருள மூடாமலிருந்தா, கடைசியாச் செஞ்சத இல்லாமலாக்கலாம். குரல் வந்திரும். மூடினா வராது.”

குலசிங்கம் அப்படியே செய்தார். குரல் வந்தது. கிண்ணியாவில் பள்ளிக்கூடம் முழுவதும் திடுக்கிட்டு எழும்பியது. தோப்பூரிலிருந்து வந்திருந்த முனாபின் சாச்சி பரீதா போனைப் பறித்துக் கெஞ்சினாள்: “தம்பி, அல்லாஹ்வுக்காக அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்க. இப்பதான் கண்ண மூடின.”

அவருக்கு அழுகை வந்தது. ஆனாலும் குரலை மறுபடி நீக்கிவிட்டு, தன்னைவிட அப்படி என்ன பெரிய இசை என்று ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டார். தேங்காய்த் துருவலுக்கு அடியில் ஒரு பெண் மெல்லப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அது அவர் கட்டிய மெட்டு. ஒரு இடமும் பிசகவில்லை.

குசினி வாசலில் போய் நின்றார். “என்ர பாட்டை நீர் பாடுறனீரோ?”

“வேலை செய்யேக்க வாயில வரும்.”

“கூடாது எண்டெல்லோ சொன்னனீர்?”

“பாட்டை நான் எப்ப சொன்னனான்?” என்றாள் ராசமலர். “சத்தத்தைத்தானே சொன்னனான்.”

குலசிங்கம் திரும்பிவந்து, பதிவைச் சேமித்து, மென்பொருளை மூடினார். நெஞ்சு கனத்ததும் உண்மை, அதற்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்ததும் உண்மை. அந்த சீடி கைமாறிக் கைமாறிக் கிண்ணியா கடந்து முகாம் முகாமாகப் போனது. யாரும் எடுக்கலாம் என்றிருந்ததை எல்லோரும் எடுத்தார்கள். மேலே ‘பாடியவர்: குலசிங்கம்’ என்றே இருந்தது, ஒருவரும் திருத்தவில்லை.

இப்போதும் மத்தியானங்களில் அவர் ஹோலில் நின்று வாயைத் திறக்கிறார். குசினியிலிருந்து பாட்டு வருகிறது.