தூபா கானும் ஏறிய பஸ்

அந்த வருஷம் மெஹர் மாதம், ஈரானில் இலையுதிர் காலம் தொடங்குகிற சமயம், நான் வழிகாட்டியாகக் கூட்டிப்போன குழுவில் இருபத்திரண்டு பேர். எல்லாரும் அந்திமேஷ்க் ரயில் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் அவர்களுடைய மனைவிமாரும். ஷீராசில் தொடங்கி யஸ்த் வழியாக இஸ்ஃபஹானில் முடிகிற ஐந்து நாள் சுற்று. ரயில்காரர்களாயிற்றே, நேரம் தவற மாட்டார்கள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அவர்கள் நேரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பழைய அரண்மனை இடிபாடான தக்தே ஜம்ஷீதின் படிகளில் கால் வைக்கும்போதே, "மாஹ்ரூ கானும், இங்க எவ்ளோ நிமிஷம்?" என்று என்னைக் கேட்டார்கள். பெண்களைக் கானும் என்றும் ஆண்களை அகா என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் வழக்கம்.

அவர்களுக்குத் தலைவர் எஸ்கந்தர் பஹ்மனி. முப்பத்தோரு வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவர். வைக்கோல் தொப்பி, கழுத்தில் கேமரா, கையில் நான் கொடுத்த நிகழ்ச்சி நிரல். அவருக்கு இரண்டடி பின்னால் அவருடைய மனைவி தூபா கானும் நடப்பார். ஒரு தோளில் தேநீர் பிளாஸ்க் வைத்த பை, மறு தோளில் மாத்திரைப் பை, கையில் கணவர் கழற்றிக் கொடுத்த கோட்டு. அந்த அம்மாளின் குரலை முதல் இரண்டு நாளில் நான் கேட்டதாகவே ஞாபகம் இல்லை.

மூன்றாம் நாள் என் நிலைமையும் சரியில்லை. கெர்மானில் ஹூமன் என்று ஒரு பல் மருத்துவர், தோழி வீட்டு விருந்தில் பார்த்துப் பழகியவர், என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். நல்ல மனிதர். ஒரே ஒரு நிபந்தனை: இந்தப் பஸ்ஸில் ஊர் ஊராக அலைகிற வேலையை விட்டுவிட வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்கிறேன் என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன். அன்று வியாழக்கிழமை. பதினோரு வருஷமாகச் சொல்லி வந்த கதைகளை வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

பதினொரு மணிக்குப் பசர்காத் போய்ச் சேர்ந்தோம். கூரோஷ் பேரரசரின் கல்லறைக்கு முன்னால் இருபத்தைந்து நிமிஷம்தான் ஒதுக்கியிருந்தேன். அந்த நேரம் பார்த்து எஸ்கந்தர் அகாவின் தொப்பி காணாமல் போயிற்று. தூபா கானும் பஸ்ஸுக்கு ஓடினார், கழிப்பறைக்கு ஓடினார், டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் விசாரித்தார். கடைசியில் தொப்பி எஸ்கந்தரின் கேமரா பைக்குள்ளேயே மடங்கிக் கிடந்தது. அதற்குள் நேரம் முடிந்து எல்லாரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

அபர்கூஹில் மதிய உணவு முடித்து, நாலாயிரம் வருஷத்து மரம் என்று சொல்லப்படும் சைப்ரஸைப் பார்த்தோம். எப்போதும் நான் இருக்கைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிய பிறகுதான் பஸ்ஸை எடுக்கச் சொல்வேன். அன்று படியில் கால் வைக்கும்போது ஹூமனிடமிருந்து போன் வந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று காதில் போனை வைத்தபடியே கேட்டேன்.

"வந்தாச்சு, கிளம்பலாம். ஏற்கெனவே ஏழு நிமிஷம் லேட்டு," என்றார் எஸ்கந்தர்.

ஓட்டுநர் குத்ரத் வண்டியை எடுத்துவிட்டார். போனில் ஹூமன், "இன்னும் யோசிக்கிறியா?" என்று கேட்டார். பாலைவனம் தொடங்கியதும் சிக்னல் அறுந்தது. அறுந்தது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தெஹ்ஷீரில் தேநீருக்கு நிறுத்தினோம். எஸ்கந்தர் பின்பக்கம் திரும்பி, "தூபா, பிளாஸ்க்கை எடு," என்றார். பதில் இல்லை. எழுந்து கடைசி இருக்கை வரை நடந்து போனார். அங்கே பையும் பிளாஸ்க்கும் கோட்டும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"முன்னாடி வெயில் அடிக்குது, பின்னாடி உக்காந்துக்கறேன்னு சாப்பாட்டுக்கு முந்தியே சொன்னா," என்றார். முகம் வெளுத்துவிட்டது. "பின்னாடி இருக்கான்னுதானே நெனச்சேன்."

அந்த அம்மாளின் எண்ணைக் கேட்டு அழைத்தேன். எஸ்கந்தரின் சட்டைப் பைக்குள் மணி அடித்தது.

"தொலைச்சிடுவா, அதான் நான் வெச்சிருக்கேன்," என்றார் தரையைப் பார்த்தபடி.

குத்ரத்துக்கு நாக்கு சும்மா இருக்காது. "கார்டு அகா, கடைசிப் பெட்டி வந்துச்சான்னு பாக்காமயே கொடி காட்டிட்டீங்களே," என்றார். சிலர் சிரித்தார்கள். எண்ணாமல் விட்டது நான். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, போன் இல்லாமல், தெரியாத ஊரில். அந்த சைப்ரஸ் மரத்தடியில் கடை போட்டிருக்கிற பெண்ணின் எண் என்னிடம் இல்லை. அபர்கூஹில் நாங்கள் சாப்பிட்ட விடுதிக்குப் பேசினேன். அங்கே யாரும் திரும்பி வரவில்லை என்றார்கள்.

குழுவைக் குத்ரத்தோடு யஸ்துக்கு அனுப்பினேன். நானும் எஸ்கந்தரும் ஒரு வாடகைக் காரைப் பிடித்துத் திரும்பினோம். கார்க்காரர் ஓர் இளைஞர். எடுத்தவுடனே, "என்ன கலர்ல தலைத்துணி கட்டியிருந்தாங்க? வழியில நானும் பாத்துக்கிட்டே வர்றேன்," என்றார்.

எஸ்கந்தர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். "நீலம்னு நெனைக்கிறேன். இல்ல, பழுப்பா இருக்கும்." பிறகு, யாரும் கேட்காமலே, "செருப்பு முப்பத்தேழு சைசு. எடது குதிகால் மட்டும் சீக்கிரம் தேயும். வருஷத்துக்கு ரெண்டு வாட்டி நான்தான் எடுத்துட்டுப் போய்த் தைச்சுட்டு வருவேன்," என்றார். அதன் பிறகு கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நான் கதவுப் பிடியை விடாமல் பிடித்திருந்தேன். ஓட்டுகிறவர் எவ்வளவு வேகமாகப் போனாலும் எனக்குப் போதவில்லை.

மரத்தடியில் வாதுமைப் பருப்பும் உலர்ந்த அப்ரிகாட்டும் விற்கிற பெண் எங்களைக் கண்டதும், "அந்தக் குட்டையான அம்மாவைத்தானே தேடறீங்க?" என்றாள். "இங்க நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க. உங்க பஸ்ஸு கெளம்பறதைப் பாத்தாங்க. அப்புறம் வெள்ளைக்காரங்க பஸ்ஸு ஒண்ணு எதிர்ப்பக்கம் போச்சு, அதுல ஏறிப் போயிட்டாங்க."

"ஏத்திட்டுப் போயிட்டாங்களா?" என்றார் எஸ்கந்தர்.

"யாரும் ஏத்தலை. டிரைவர்கிட்ட என்னமோ கேட்டாங்க, ஏறினாங்க."

யஸ்திலிருந்து அன்று ஷீராசுக்குத் திரும்புகிற வெளிநாட்டுக் குழு நௌசருடையது. என்னோடு ஒரே வருஷம் வழிகாட்டி உரிமம் வாங்கியவன். மூன்று முறை அழைத்த பிறகுதான் கிடைத்தான்.

"உன் ஆளா அவங்க?" என்று சிரித்தான். "எங்க டிரைவரோட சொந்தக்காரங்கன்னு நான் நெனச்சேன், அவன் என்னோட சமையல்காரம்மான்னு நெனச்சிருக்கான். ஒரு மணி நேரமா இத்தாலிக்காரங்க அவங்களுக்கு சாக்லேட் ஊட்டிக்கிட்டு இருக்காங்க. பசர்காத் போறோம். சூரியன் விழற வரைக்கும் அங்கதான். சீக்கிரம் வா."

எஸ்கந்தரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, கடவுளுக்கு நன்றி சொன்னார். ஐந்து நிமிஷம் கழித்துக் கோபம் வந்தது. வழியில் சூர்மக் ஊர் வரும்வரை அந்தக் கோபம் நிற்கவில்லை. இருபது பேர் முன்னால் மானம் போயிற்று, நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை, புத்தி பேதலித்துவிட்டதா, டாக்டரிடம் காட்ட வேண்டும். கார்க்கார இளைஞர் வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்து, கல்லறையின் ஆறு படிகளும் மஞ்சளாகியிருந்தன. தூபா கானும் அங்கே இல்லை. நௌசர் கையைக் காட்டினான். தொலைவில், அரண்மனை வாசலின் ஒற்றைக் கல் நிற்கிற இடத்தில், நாலு இறக்கை வைத்துச் செதுக்கிய உருவத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். தலைத்துணி பச்சை நிறம்.

எஸ்கந்தர் பாதி ஓட்டமாகப் போனார். நான் பின்னால் ஓடினேன். பக்கத்தில் போனதும் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மூச்சு வாங்கியதால் சொற்கள் வரவில்லை.

"உக்காருங்க," என்றார் தூபா கானும். "நெஞ்சு அடைக்கும். மாத்திரை பையில இருக்கு. பை பஸ்ஸுல இருக்கு."

"வண்டி கெளம்பறதைப் பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே."

"குடுத்திருக்கலாம். கையைக் கூடத் தூக்கினேன். அப்புறம் இறக்கிட்டேன்." தூபா கானும் அந்த இறக்கை வைத்த உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில இங்க வந்தேன். என்ன பாத்தேன் சொல்லுங்க. கழிப்பறை ரெண்டு, டிக்கெட் ஜன்னல் ஒண்ணு. நேத்து ஷீராசுல கோட்டை பாத்தேனா? உங்களுக்கு ஊசி போட மருந்துக்கடை தேடினேன். தக்தே ஜம்ஷீதுல நூறு படி ஏறினேன், மேல போனதும் பேட்டரியை மாத்தணும், பையைப் புடின்னீங்க. கல்லு வயசானது, எங்கயும் போகாதுன்னு சொன்னீங்க. எனக்கும் வயசாச்சு. இன்னொரு வாட்டி யாரு கூட்டிட்டு வரப்போறா?"

எஸ்கந்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாள் கையை மட்டும் உயர்த்தினார்.

"இந்த ஆளைப் பாருங்க. நாலு இறக்கை. நின்ன இடத்துலயே நிக்கிறான். அரை மணி நேரமாப் பாக்கறேன், எனக்குத்தான் உள்ளுக்குள்ள பரபரன்னு இருக்கு."

எஸ்கந்தர் நின்றார். கேமராவைத் தொட்டார், பிறகு கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். காவல்காரர் வந்து மூடும் நேரமாயிற்று என்று சொல்லும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். எஸ்கந்தர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததை அந்த அம்மாளும் பார்த்தார்.

யஸ்துக்குத் திரும்பும்போது எஸ்கந்தர் முன்னால் உட்கார்ந்தார், நாங்கள் இருவரும் பின்னால். அபர்கூஹ் நெருங்கியதும் சிக்னல் வந்து போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"யாரு, வீட்டுக்காரரா?" என்றார் தூபா கானும்.

"ஆகணும்னு சொல்றவரு." விஷயத்தைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. சொல்லிவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"என்னைக் கேக்காத கண்ணு. நான் ஒரு மத்தியானம் எறங்கினேன், அவ்ளோதான். நாளைக்கு இவருக்கு நான்தான் தேநீர் ஊத்துவேன். என்னைப் பாத்து நீ ஒண்ணும் முடிவு பண்ணிக்காத."

முன்னாலிருந்து எஸ்கந்தர் திரும்பாமலே, "அந்தப் பையனுக்குப் பல்லு புடுங்கற வேலையை விடச் சொன்னா விடுவானா?" என்றார். தூபா கானும் அவருடைய பிடரியை ஆச்சரியத்தோடு பார்த்தார்.

மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தேன். பஸ்ஸை விட முடியாது என்றேன். "அப்போ இல்லைன்னு எடுத்துக்கவா?" என்றார் ஹூமன். "அப்படித்தான் எடுத்துக்கணும்," என்றேன். மரியாதையாக, யஸ்தில் குளிர் தொடங்கிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்தார். நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நல்ல மனிதரை இழந்தேனா, தப்பித்தேனா என்று இன்றுவரை சில நாள் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்ததை அப்படியே எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினேன், எண்ணாதது என் தவறு என்று. எஸ்கந்தரும் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், வந்தாச்சு என்று சொன்னது தான்தான் என்று. எனக்கு இரண்டு மாதம் குழு தரவில்லை. பிறகு தந்தார்கள்.

கடைசி நாள் இஸ்ஃபஹானில், முப்பத்து மூன்று வளைவுப் பாலத்துக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை. மற்றவர்கள் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தூபா கானும் படியிறங்கி, வெறுங்கையை வீசிக்கொண்டு, வெடித்த ஆற்று மண்ணில் எதிர்க்கரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். எஸ்கந்தர் பிளாஸ்க் பையையும் மாத்திரைப் பையையும் சுமந்தபடி கரையில் நின்று, "தூபா, ஒரு மணிக்குச் சாப்பாடு," என்று கூப்பிட்டார். அந்த அம்மாள் திரும்பவில்லை. எஸ்கந்தர் என்னைப் பார்த்தார். நான் விடுதிக்குப் போன் செய்து சாப்பாட்டை இரண்டு மணிக்கு மாற்றச் சொன்னேன்.