காணாமல் போன ஏழு

நான் கூட்டிக் குறைத்துப் பேசுகிறவன் என்று உத்தமபாளையத்தில் ஒரு பேச்சு உண்டு. கம்பத்தில் வாழைக்காய் மண்டியில் நாற்பத்தோரு வருஷம் எடை போட்டவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? என் தராசில் ஒரு ஈ உட்கார்ந்தால்கூட, அது எழுந்து போகிறவரை காத்திருந்துதான் எடை சொல்வேன். ஒருமுறை ஒரு ஈ மத்தியானம் வரை எழவில்லை. கொச்சி லாரி மூன்று காத்துக் கிடந்தன. அது வேறு கதை.

இது என் மகள் பாஜிலாவின் கதை. பாலிடெக்னிக்கில் நாலு வருஷமாக ஆய்வகத்தில் தற்காலிக வேலை பார்க்கிறாள். செவ்வாய்க்கிழமை ஒரு குழு வருகிறது, அவர்கள் முன்னால் ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டு, ஓடினால் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். ஓடாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

ஒருவருடைய எடையையும் உயரத்தையும் கொடுத்தால், உடம்பு பருமனா மெலிவா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் பி.எம்.ஐ. என்கிறார்களே, அந்த எண்ணை அது சொல்ல வேண்டும். அதுவும் அசெம்பிளி மொழியில். இதை எடு, அங்கே வை, பெருக்கு என்று சிப்புக்கு ஒவ்வொரு அசைவையும் நாம் சொல்ல வேண்டுமாம். சொல்லாததை அது செய்யாது. எங்கள் வீட்டில் அப்படிப் பழகிய ஆள் நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கி, பயிற்சிக்கான பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்தாள். பலகை மாதிரி ஒரு பெட்டி, அதில் விசைகள், ஒரு குட்டித் திரை. நான் மண்டியிலிருந்து ஒரு தராசைத் தூக்கிவந்தேன். எடையைப் பத்தாயிரத்தால் பெருக்கி, சென்டிமீட்டரில் அளந்த உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, அதைக்கொண்டு முதல் விடையை வகுக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

"அத்தா, உயரத்த முதல்ல போட்டுக்கிடவா?"

"தராசுக்கார வீட்டுப் புள்ள கேக்குற கேள்வியா இது? எடைதான் முதல்ல. மத்ததெல்லாம் பெறகு."

மண்டியின் சட்டம் அது. வாழைத்தார் தராசில் ஏறியதும் முதலில் எடையைக் கூவ வேண்டும். என்ன ரகம், எந்த ஊர், யார் தோட்டம் என்பதெல்லாம் அப்புறம். பாஜிலா அப்படியே எடையை முதலில் எழுதினாள்.

என் மனைவி ஜெய்த்தூன் பீவியை முதலில் ஏற்றினோம். எழுபத்திரண்டு கிலோ, நூற்றைம்பது சென்டிமீட்டர். திரையில் 2 என்று வந்தது.

"ரெண்டா? டாக்டரு முப்பத்திரண்டுன்னு சொன்னாகளே."

"அவுக மனுசரு, தப்பு வரும். இது மிஷினு," என்றேன். ஜெய்த்தூன் உள்ளே போய், ஒரு மாதமாகத் தொடாமல் இருந்த அல்வாவைத் தைரியமாகத் தின்றாள்.

அடுத்து ஒச்சாண்டி. மண்டியில் தார் தூக்குகிறவன், தராசுக்குக் கை கொடுக்க வந்திருந்தான். ஆனி மாதம் காற்று விழுந்து காற்றாலைகள் நின்றால், இவன் ஒரு பெருமூச்சு விடுவான், மறுபடி சுற்றத் தொடங்கும். நூற்றிநாலு கிலோ, நூற்றெழுபத்தெட்டு சென்டிமீட்டர். திரையில் 1.

"மாமா, நான் தேறுவேனா?"

"சந்தேகந்தான்டா மாப்ள. வீட்டுல சொல்லிட்டியா?"

உடனே போனை எடுத்தான். "ஏத்தா அன்னம், உலையில ரெண்டு படி கூடப் போடு. மிஷினே சொல்லிருச்சு."

கடைசியாக நான். நாற்பத்தாறு கிலோ, நூற்றறுபத்தைந்து சென்டிமீட்டர். பூஜ்யம். அதாவது நான் இல்லை. எனக்கே ரொம்ப நாளாக அந்தச் சந்தேகம் இருந்தது.

"இல்லாத ஆளுக்கு எதுக்கு டீ?" என்று ஜெய்த்தூன் என் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

பாஜிலா மட்டும் சிரிக்கவில்லை. "நாளன்னைக்கு இதத்தான் அவுகளுக்குக் காட்டப்போறேனா?" என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாலு வருஷம்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, புரோகிராமை ஒவ்வொரு அடியாக நடத்தினாள். ஒரு விசை, ஒரு அடி. ஒவ்வொரு அடிக்கும் சிப்புக்குள் இருக்கிற சின்ன அறைகளில் என்ன இருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதினாள். ஒரு அறையில் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம்தான் கொள்ளும். அது ஒரு லோடு. பெருக்கி அதற்கு மேல் வந்தால், முழு லோடு எத்தனை என்பது டி.எக்ஸ். என்கிற அறைக்கும், லோடு நிறையாத சில்லறை ஏ.எக்ஸ். என்கிற அறைக்கும் போகும். என் நாற்பத்தாறு கிலோவைப் பத்தாயிரத்தால் பெருக்கியதும் டி.எக்ஸில் ஏழு லோடு நின்றது. அடுத்த விசை, அடுத்த விசை. பிறகு நிமிர்ந்தாள்.

"அத்தா, ஏழு எங்க?"

"நான் எடுக்கலயே."

"இப்பத்தான் இங்கன இருந்துச்சு."

நான் காலைத் தூக்கிப் பார்த்தேன். ஒச்சாண்டி பாயைத் தூக்கிப் பார்த்தான்.

"இந்தத் தட்டுல இல்ல," என்றாள் ஜெய்த்தூன், அல்வாவை விழுங்கியபடி.

பாஜிலா நோட்டை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், தெருமுனைவரை கேட்டது.

"உயரத்தப் பெருக்குன விடையும் அதே ரெண்டு ரூம்லதான் எறங்கும் அத்தா. சில்லறைய எடுத்துப் பத்திரமா வச்சேன். ஏழு லோட அங்கனயே விட்டுட்டேன். உயரம் வந்து அத அழிச்சிருச்சு. வகுக்குறப்ப வெறும் சில்லறைதான் மிச்சம்."

"அப்ப யாரு மேல தப்பு?"

"எடைய முதல்ல போடச் சொன்னவுக மேல."

என் எடையில் தப்பு என்று சொன்ன லாரிக்காரர்கள் பத்துப் பேர் உண்டு. நிரூபித்தவர் ஒருவரும் இல்லை. அன்றைக்கு ஒருத்தி நிரூபித்தாள், அவள் என் மகள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நெஞ்சு விரிந்ததில் சட்டையின் இரண்டாவது பொத்தான் தெறித்துப் பக்கத்து வீட்டு மாடியில் விழுந்தது.

நாலு வரியை இடம் மாற்றினாள். உயரத்தை முதலில் பெருக்கி வேறு அறையில் வைத்தாள். பிறகு எடையைப் பெருக்கி, கை எடுக்காமல் வகுத்தாள். எனக்குப் பதினாறு. ஒச்சாண்டிக்கு முப்பத்திரண்டு, ஜெய்த்தூனுக்கும் முப்பத்திரண்டு. ஒச்சாண்டி போனை எடுத்து, "ஏத்தா, உலைய எறக்கு," என்றான். அல்வாவை இறக்கத்தான் வழியில்லை.

செவ்வாய்க்கிழமை எடைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி நானும் உள்ளே போனேன். பாஜிலா முதலில் வேண்டுமென்றே தப்பான புரோகிராமை ஓட்டினாள். பூஜ்யம் வந்தது. குழுவினர் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். ஏழு காணாமல் போன இடத்தை அடி அடியாகக் காட்டிவிட்டு, சரியானதை ஓட்டினாள். பதினாறு.

"இவ்வளவு பொறுமையா யாரும்மா பாக்கச் சொன்னது?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"யாரும் சொல்லல சார். எங்கத்தா ஈ எந்திரிக்கிற வரைக்கும் காத்திருந்து எடை சொன்னவுக."

யாரும் சிரிக்கவில்லை. உண்மைக்கு யார் சிரிப்பார்கள்?

வியாழக்கிழமை நிரந்தர உத்தரவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக மண்டிக்குப் போய் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இப்போது அங்கே தாரின் உயரத்தை அளந்த பிறகுதான் தராசில் ஏற்றுகிறார்கள். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். நீங்கள் போகிற அன்றைக்கு மட்டும் ஒருவேளை அளக்காமல் இருப்பார்கள்.