மஞ்சள் வளையம் இல்லாத புள்ளிகள்

செடிகளுக்கு வரும் நோய்களைப் பற்றி மேற்படிப்பு படிக்க டி.வி. மெக்கானிக்கின் மகள் வெளிநாட்டுக்குப் போயிருந்தாள். சேர்க்கைக்கான நேர்காணல் வீட்டிலிருந்தே கணினியில் நடந்தபோது, இணைய ஒயர் கழன்று கழன்று வந்தது. முடியும்வரை அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேஜைக்கடியில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். மனுஷன் கையைச் சற்று எடுத்திருந்தால் மகள் வீட்டோடு இருந்திருப்பாள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொள்வார். ஆனாலும் வரும்.

அங்கே போனதும் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று செய்தி அனுப்பினால் மறுநாள் ஒரு கட்டைவிரல் படம் வரும். கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒருநாள் மாடி ரோஜாவில் கரும்புள்ளி விழுந்ததைப் படமெடுத்து அனுப்பினார். உடனே வீடியோவில் அழைத்துவிட்டாள். இலையைத் திருப்பச் சொன்னாள், தண்ணீர் எப்போது ஊற்றுகிறார் என்று குடைந்தாள், பேச்சுவாக்கில் அங்கே குளிர் தாங்கவில்லை என்றும் சொன்னாள். அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் சொன்னபடி கவனித்ததில் ரோஜா தேறிவிட்டது. பாழாய்ப்போன செடி, அப்படியா தேற வேண்டும்? மறுபடி கட்டைவிரல்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறுக்க முடியாமல், கடையிலிருந்து ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியை எடுத்துவந்து சூடேற்றி, நாலைந்து இலைகளில் கரும்புள்ளி விழும்படி தொட்டுத் தொட்டு எடுத்தார்.

"ரோஜாவுல எந்தப் பார்ட் போச்சு?" என்றாள் மனைவி. அவர் அடுத்த இலையைப் பிடித்தார்.

படம் போனதும் மகள் அழைத்தாள்.

"போனைக் கிட்ட கொண்டுபோங்கப்பா. இன்னும் கிட்ட."

கொண்டுபோனார்.

"புள்ளி எல்லாம் ஒரே அளவா இருக்கே. சுத்தி மஞ்சள் வளையத்தையும் காணோம்." "இது நோய் மாதிரி தெரியலப்பா."

"பின்ன என்னம்மா?" அவர் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

"பார்த்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

பொய் பிடிபட்டுவிட்டது. இனி நிஜமாகவே செடி வாடினாலும் நம்பமாட்டாள், அந்தக் கட்டைவிரலும் வராது என்று மெக்கானிக் நொந்துபோனார்.

மறுநாள் அவளே அழைத்தாள்.

"அப்பா, என் மேஜை விளக்கு எரியல. கொஞ்சம் பாருங்களேன்."

பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னார். காட்டினாள். ஒரு ஒயர் திருகாணியை விட்டு வெளியே வந்திருந்தது. பிய்ந்து வந்த ஒயர் என்றால் பிசிறடித்துக் கிடக்கும். இது முறுக்குக் கலையாமல் நேராக நின்றது. திருகாணியைத் தளர்த்தி யாரோ உருவியிருக்கிறார்கள். திரையின் ஓரத்தில், அவர் கொடுத்தனுப்பிய சின்ன ஸ்க்ரூடிரைவர் கிடந்தது.

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினார்.

"என்ன கோளாறுப்பா?"

"சட்டுனு சொல்லிட முடியாதும்மா," என்றார். "பிளக்கை அப்படியே வை. முதல்ல அங்க குளிர் எப்படி இருக்குன்னு சொல்லு."