முதல் வரியில் இருந்த ஃபோல்டர்

ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் மாரிசெல்விக்கு ஆறு வருடமாக ஒரே வேலை. மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, 'லாட்பிரிண்ட்' என்று அடிப்பாள். பொட்டலங்களில் ஒட்டும் லேபிள்கள் காலாவதித் தேதியோடு சுருளாக அச்சாகி வரும்.

லேபிள் அச்சடிக்கும் அந்தப் புரோகிராமை எழுதியவன் விமல். கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவன் பொறுப்பு. ஒருநாள் லேபிளில் பிப்ரவரி முப்பது என்று விழுந்திருந்தது. மாரிசெல்வி அதை முதலாளி ராஜரத்தினத்திடம் எல்லார் முன்னாலும் காட்டிவிட்டாள். பேக்கிங் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விமலும் சிரித்தான்.

"நல்லவேளை பாத்தீங்கக்கா" என்றான்.

அடுத்த மாதம், ஆஸ்பத்திரிக்குப் போன நாலாயிரம் பொட்டலங்கள் திரும்பி வந்தன. அவற்றின் காலாவதித் தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. மாரிசெல்வி எப்போதும் சுருளின் முதல் சில லேபிள்களைப் பார்த்துத்தான் அனுப்புவாள். அவை சரியாகவே இருந்தன.

"ரெண்டு நாள் தாரேன். விளக்கம் எழுதிக் குடு" என்றார் ராஜரத்தினம்.

பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் அதே பெயரை அடித்துப் பார்த்தாள். சுருள் முழுக்கச் சரியான தேதி. தன்னுடையதில் ஐம்பது லேபிளுக்குப் பிறகு தேதி மாறியது. டிப்ளமோவில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெயரை மட்டும் அடித்தால் கம்ப்யூட்டர் எல்லா இடத்திலும் தேடாது. 'பாத்' என்ற பட்டியலில் எழுதியிருக்கும் ஃபோல்டர்களை வரிசையாகப் பார்க்கும். அந்தப் பெயரில் முதலில் கிடைப்பதை ஓட்டிவிடும். அதற்கு மேல் தேடாது.

அந்தப் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடமே கேட்டாள். இரண்டு இடம் காட்டியது. பட்டியலின் முதல் வரியில் அவள் பார்த்தேயிராத ஒரு ஃபோல்டர்; அதற்குள் இன்னொரு 'லாட்பிரிண்ட்'. அந்த ஃபோல்டர் உண்டான தேதி, பேக்கிங் பெண்கள் சிரித்த நாளுக்கு மறுநாள்.

முதலாளியை அழைத்து வந்து காட்டினாள். விமலும் வந்து நின்றான். ராஜரத்தினம் திரையை நிதானமாக வாசித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"விமலு, அத அழி."

விமல் குனிந்து, அவள் நாற்காலியின் முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அழித்தான்.

"ஐயா, அதுதான் என் சாட்சி!"

"தெரியும்மா. இவன் போனா இருவது மிஷின் நிக்கும். நீ போனா ஒரு சேர்தான் காலி. ஆஸ்பத்திரிக்காரன் தப்புக்கு ஒரு பேரு கேக்கான். தப்பு என்னுதுன்னு எழுதிக் குடு, நல்ல சர்டிபிகேட்டா தாரேன்."

அவள் அழுதுகொண்டே எழுதினாள்.

"அக்கா, போறதுக்கு முன்ன புதுப் பிள்ளைக்கு வேலையச் சொல்லிக் குடுத்துருங்க" என்றான் விமல். மூன்று நாள் சொல்லிக் கொடுத்தாள்.

சர்டிபிகேட்டை ஒட்டிய கவரில் தந்தார்கள். வேலை கேட்கிற இடத்தில் அப்படியே கொடுக்க வேண்டும், பிரிக்கக் கூடாது என்றார்கள். அவளும் பிரிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மில் ஆபீஸில் கொடுத்தாள். மேனேஜர் கிழித்து வாசித்துவிட்டு, அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கவனக்குறைவுக்காக நீக்கம்னு போட்டுருக்கு. ஒப்புக்கிட்டு நீ எழுதுன லெட்டரும் கூடவே இருக்கு. இத எப்பிடிம்மா கொண்டு வந்து நீட்டுத?"

காகிதத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்.