பூவரச இலைச் சோறு

சின்னச்சாமி எறிந்த மண்ணாங்கட்டி செவலையின் முதுகில் பட்டுத் தூளானது. நாய் கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. வண்டிச் சக்கரத்தை ஒட்டியே நின்றது.

"ஏலே, போடாங்கறேன்! அஸ்தி கரைக்கப் போற வண்டிய மறிச்சுக்கிட்டு நிக்குது பாரு, சனியன்."

"அடிக்காதீக சின்னய்யா," என்றாள் பஞ்சம்மாள். அவள் மடியில் அய்யாவின் சாம்பல் கலயம் இருந்தது. மஞ்சள் துணியால் வாயைக் கட்டியிருந்தார்கள். "மூணு நாளாப் பச்சத்தண்ணி குடிக்காமக் கெடக்கு. நாம திரும்பி வாரதுக்குள்ள இதுவும் போயிரும். வண்டியில ஏத்திக்கிருவோம்."

"நாய வண்டியில ஏத்துனா ஊரே சிரிக்குந்த்தா."

"பொம்பள நான் வாரதுக்கே சிரிச்சு முடிச்சுட்டாக. இதுக்கும் சேத்துச் சிரிக்கட்டும்."

அய்யா கூத்தையாவுக்குப் பிறந்தது பஞ்சம்மாள் ஒருத்திதான். கொள்ளி வைத்தது அவர் தம்பி சின்னச்சாமி. ஆம்பளைகள் செய்கிற காரியத்துக்கு மகள் கூடப் போவது அந்த ஊரில் வழக்கமில்லை. அவளோ ஒரே பிடியாக நின்றாள். சிறுபிள்ளையில் அவளை மாரியூர்க் கடலுக்குக் கூட்டிப்போவதாக அய்யா சொல்லாத வருசமில்லை. மழை பெய்தால் விதைப்பு, பெய்யாவிட்டால் மாட்டுக்குத் தீவனம். வெள்ளைக்காரன் போன வருசம்கூட "இந்தத் தை கழியட்டுந்த்தா" என்றார். அந்தத் தையில் அவளுக்குக் கல்யாணத்தை முடித்து அனுப்பிவிட்டார். கடல் என்னவோ அரைநாள் வண்டிப்பாதைதான்.

செவலை அவள் புருசன் வீட்டுக்குப் போன பிறகு வந்த நாய். அவளிடம் அதற்குப் பெரிய பழக்கமில்லை. அய்யா உயிர் பிரிந்த கட்டிலுக்கடியில் அது படுத்தே கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பாசம் ஒட்டிக்கொண்டது. கும்பாவில் கஞ்சி ஊற்றிப் பார்த்தாள். பால் வைத்தாள். சாவு வீட்டில் கவிச்சி ஆகாதென்று பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டு வாங்கிவந்தும் போட்டாள். நாய் மோந்துகூடப் பார்க்கவில்லை. இதையும் பறிகொடுத்தால் அய்யா தொட்டு வளர்த்தது என்று அந்த வீட்டில் ஒன்றும் மிஞ்சாது.

உடைமரங்களைத் தாண்டி, புஞ்சைகளைத் தாண்டி வண்டி தெற்கே போனது. ஓரிடத்தில் உப்புத் தண்ணீர் விரிந்து கிடக்க, அதில் கால் நீண்ட பறவைகள் கூட்டமாக நின்றன.

"அம்மாடி, எம்புட்டுக் கொக்கு!"

"கொக்கா? பூநாரைத்தா அது."

வண்டிச் சத்தத்துக்குக் கூட்டம் எழும்பியது. எழும்பின பிறகுதான் இறக்கைக்கடியில் இருந்த சிவப்புத் தெரிந்தது. பஞ்சம்மாள் நாயின் மோவாயைத் தூக்கி, "பாருடா, அங்கன பாரு" என்றாள். செவலை ஒரு காதை மட்டும் நிமிர்த்தியது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மணல்மேட்டுக்குக் கீழே காளைகள் நின்றுவிட்டன. அவிழ்த்து வண்டியிலேயே கட்டினார்கள். நாயால் மணலில் நாலு எட்டு வைக்க முடியவில்லை. சின்னச்சாமி அதை உற்றுப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு ஆட்டுக்குட்டியைப்போல் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஊருல போயிச் சொன்னீன்னா தெரியும் சேதி."

உச்சிக்குப் போனதும் பஞ்சம்மாளுக்குக் கால் நகரவில்லை. நம்ம கண்மாய் நிறைந்தால் எப்படியோ அப்படி என்றுதான் அய்யா சொல்லியிருந்தார். இதற்கு அக்கரையே இல்லை. நீலமும் பச்சையுமாக அது பாட்டுக்குக் கிடந்தது.

"இம்புட்டுப் பெருசையா இத்தன வருசம் தள்ளிப் போட்டீக?" என்று கலயத்தைப் பார்த்துக் கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சின்னச்சாமி நாயோடு முன்னால் இறங்கிப் போனார்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சின்னச்சாமி கலயத்தைக் கவிழ்த்தார். சாம்பல் சற்றுநேரம் மிதந்து கலைந்தது. கரையில் மூன்று கல்லைக் கூட்டிப் பஞ்சம்மாள் பச்சரிசி பொங்கினாள். இலை எடுத்துவர வண்டிக்குப் போன சின்னச்சாமி அங்கிருந்தே கத்தினார்.

"நாசமாப் போச்சு! வாழையிலைய மயிலக்காள தின்னுபுடுச்சுத்தா!"

கரையில் வாழைக்கு எங்கே போவது? பூவரச மரம்தான் ஒன்று நின்றது. வந்த கோபத்தில் அதில் அகலமாக நாலு இலை பறித்து மணலில் பரப்பினார். எள்ளைக் கலந்து சோற்றை உருட்டி வைத்தார். "பாத்துக்கிட்டு நின்னா காக்கா வராது" என்று பஞ்சம்மாளையும் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்று, கையைத் தட்டினார்.

இறக்கைச் சத்தம் கேட்கவில்லை. சளப் சளப்பென்று வேறு சத்தம் கேட்டது. பஞ்சம்மாள் திரும்பினாள். மரத்தடியில் சுருண்டு கிடந்த செவலை இலையில் வாய் வைத்திருந்தது.

"அட பாவிப்பயலே! அண்ணன் சோத்துலயா வாய வச்ச!" சின்னச்சாமி மணலில் கிடந்த பனைமட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பஞ்சம்மாள் குறுக்கே விழுந்து மறித்தாள். "சின்னய்யா, திங்குது! பாருங்க, திங்குது!"

மட்டையை ஓங்கியவர் அப்படியே நின்றார். இலையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். மட்டையைக் கீழே போட்டார்.

"அண்ணன் புஞ்சையில இப்புடித்தாந்த்தா வைப்பாரு. பூவரச எலையில உருட்டி வச்சுட்டு, தள்ளிப் போயித் திரும்பி நின்னு கை தட்டுவாரு. ஆளு பாத்தா இது திங்காது. தெனமும் பாத்தவந்தான் நானு. எனக்குத் தோணலையே, என்ன மண்டையோ!" தலையில் அடித்துக்கொண்டார்.

"காரியம் கெட்டுப்போச்சா சின்னய்யா?"

"என்ன கெட்டுச்சு? பானையில சோறு கெடக்கு."

செவலை இலையை வழித்துவிட்டு, தள்ளாடிக்கொண்டே அலைக்குப் போனது. கண்மாய்த் தண்ணீர் என்று நினைத்ததோ என்னவோ, ஒரு வாய் நக்கியது. தலையை உதறித் தும்மியது. கடலைப் பார்த்து ஒரு குரை குரைத்தது. மூன்று நாளில் முதல்முறையாகச் சின்னச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே பானையைப் பஞ்சம்மாளிடம் நகர்த்தினார்.

"நீயே உருட்டுத்தா."

"நான் வைக்கலாமா?"

"வையி. எவன் கேக்கான்?"

அவள் இரண்டு இலை போட்டாள். காக்கைக்கு ஒன்று, தள்ளி இன்னொன்று. இரண்டிலும் உருண்டை வைத்துவிட்டுத் தண்ணீரோரம் வரைக்கும் நடந்தாள். முதுகைக் காட்டி நின்று கையைத் தட்டினாள்.

பின்னால் இறக்கை அடித்தது. நக்குகிற சத்தமும் கேட்டது. அவள் திரும்பாமல் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.